குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி, சுருக்கமாக: "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், வன்னியில் தென்னையில் ஏறிக் குரும்பையைக் கடித்துப் போடும் குரங்குகள் ஏன் இன்னும் மனிதராகவில்லை? கூர்ப்பு, அதாவது பரிணாமம், நடப்பதை யாராவது கண்ணால் கண்டதுண்டா? இதையெல்லாம் மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் முன்னமே பாடிவிட்டார் என்கிறார்களே, அது சரியா?"

மூன்று கேள்விகள் போலத் தெரிகின்றன. ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே படம் கிடக்கிறது: ஏணி. கீழ்ப்படியில் புழு, நடுவில் குரங்கு, உச்சியில் நாம். அந்த ஏணியை எடுத்துவிட்டால் முதற்கேள்வி தானாகவே விழுந்துவிடும்.

உங்கள் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் அவருக்குப் பிறக்கவில்லை, அவரும் உங்களுக்குப் பிறக்கவில்லை. இருவருக்கும் அப்பாச்சி ஒருவர்தான். அவர் கனடாவில் இருக்கும்போது நீங்கள் ஏன் இன்னும் உரும்பிராயில் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் உள்ள உறவு இந்த வகையானது. இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 6 முதல் 7 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்தது. அது சிம்பன்சியுமல்ல, மனிதனுமல்ல. வன்னிக் குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம். அதன் வழியும் நம் வழியும் பிரிந்து 25 மில்லியன் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தக் காலம் முழுவதும் அந்தக் குரங்கும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது, தன் வழியில். அது பாதியில் நின்றுபோன மனிதனல்ல, முழுமையான குரங்கு.

ஏணிப் படம் எங்கிருந்து வந்தது? மேற்கில் அதை அரிஸ்டோட்டில் வரை கொண்டுபோகலாம். நம்மிடமும் ஒன்று உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் முரளும் ஈரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, மாவும் மாக்களும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. வகைப்பாடு என்ற அளவில் இது அழகான வேலை: தோற்றத்தை விட்டுப் புலன்களை அளவுகோலாக எடுத்திருக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று அங்கே ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. அது நூலகத்து அலுமாரி, வம்சாவளி அல்ல.

சிவபுராணம் வேறு விடயம். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று தொடங்கும் வரிகளில் பிறந்து பிறந்து இளைப்பது ஓர் உயிர். இனம் மாறுவதைப் பற்றிய பேச்சு அங்கில்லை. வரிசையையும் பாருங்கள்: புழுவுக்குப் பின் மரம், பாம்புக்குப் பின் கல், மனிதருக்குப் பின் பேய், அதற்குப் பின் கணங்கள். இதைக் கூர்ப்பு வரிசை என்று படித்தால் கல்லிலிருந்து மனிதன் வந்தான் என்றும் மனிதனிலிருந்து பேய் வந்தது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். மாணிக்கவாசகர் பாடியது பிறவித் துன்பத்தை. அவருக்கு உயிரியல் சான்றிதழ் கொடுக்க முனைவது அவருக்கும் மரியாதையல்ல, உயிரியலுக்கும் உதவியல்ல. பரீட்சை விடையில் எழுதவேண்டாம்.

ஏணியிலிருந்து இறங்க மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது. 1809இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் உயிரினங்கள் மாறுகின்றன என்று துணிந்து சொன்னார். அது பெரிய காரியம். மாறும் வழியைத்தான் பிழையாகச் சொன்னார்: வாழ்நாளில் உடல் பெறும் மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்றார். நாம் எத்தனை தலைமுறையாகக் காது குத்திவருகிறோம்! ஒரு பிள்ளையாவது துளையோடு பிறந்ததில்லை. லாமார்க்கை இதற்கு மேல் அடிக்கத் தேவையில்லை. பாரம்பரியம் எப்படி நடக்கிறதென்று அன்று யாருக்குமே தெரியாது. டார்வினுக்கும் தெரியாது.

டார்வின் 'பீகிள்' கப்பலில் 1831 டிசம்பரில் புறப்பட்டு 1836 ஒக்டோபரில் திரும்பினார். கலாபகசுத் தீவுகளில் நின்றது ஐந்து வாரங்கள்தான். அங்கேயே அவருக்கு எல்லாம் பளிச்சிட்டது என்பது பின்னர் கட்டிய கதை. குருவிகளை எந்தத் தீவில் பிடித்தார் என்றுகூட அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. அவை வேறுவேறு இனங்கள் என்பதை 1837இல் இலண்டனில் பறவையியலாளர் ஜோன் கூல்ட் சொன்ன பிறகே விளங்கிற்று. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் புறா வளர்ப்பு, கொட்டலசு (கப்பலடியிலும் பாறையிலும் ஒட்டிவாழும் ஓட்டுயிரி) ஆராய்ச்சி, கடிதங்கள். 1858இல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் இன்றைய இந்தோனேசியத் தீவொன்றிலிருந்து அதே கருத்தை எழுதி அவருக்கே அனுப்பினார். இருவரது கட்டுரைகளும் 1858 ஜூலை 1 அன்று இலினேயன் கழகத்தில் வாசிக்கப்பட்டன. டார்வினின் நூல் 1859 நவம்பரில் வந்தது.

அவர்கள் சொன்ன பொறிமுறை மூன்று வரிக்குள் அடங்கும். ஒரே இனத்துக்குள் தனியன்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பிள்ளைகளுக்குப் போகிறது. பிறப்பவை எல்லாம் பிழைத்துப் பெருகுவதில்லை; யார் பிழைப்பார் என்பது அந்த வேறுபாட்டோடு தொடர்புடையதாக இருந்தால் அடுத்த தலைமுறையின் கலவை மாறும். மாறுவது தனியன் அல்ல, குடித்தொகை, அதாவது ஓரிடத்தில் வாழும் அந்த இனத்தின் கூட்டம். இந்த ஒரு வாக்கியத்தைத் தவறவிடுபவர்களே பரீட்சையில் "ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டியது" என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த இயற்கைத் தேர்வு நடக்காது. வெங்காயத்தைக் காயாகவே நட்டு வருகிற தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாம் ஒரே பாரம்பரியம் என்பதால், ஒரு நோய்க்கு ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். தேர்வு செய்ய அங்கே வேறுபாடு இல்லை.

டார்வினுக்கு எதிராக அன்று எழுந்த தடைகளில் இரண்டு மிகக் கூர்மையானவை. முதலாவது கலத்தல். பெற்றோரின் இயல்புகள் பிள்ளையில் கலந்துவிடும் என்றே அக்காலத்தவர் எண்ணினர். அப்படியானால் ஒரு நல்ல மாறல், பெரிய கேத்தில் பிளேன்ரீயில் விட்ட ஒரு துளி பால் போல நாலைந்து தலைமுறைக்குள் கரைந்து காணாமற்போகும். 1867இல் பிளீமிங் ஜென்கின் என்ற பொறியியலாளர் இதைத்தான் கேட்டார். டார்வினிடம் திருப்தியான பதில் இருக்கவில்லை. பதில் 1866இலேயே அச்சாகியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மெண்டல் என்ற துறவி, உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்து எண்ணிப் பார்த்தார்: இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. முதல் தலைமுறையில் ஒன்றுகூடக் காணப்படாத சுருக்கம் இரண்டாவதில் கால்வாசியாகத் திரும்பி வந்தது. அப்படியானால் அது கரையவில்லை. பால் அல்ல, நெல்மூட்டைக்குள் விழுந்த குன்றிமணி. எத்தனை மூட்டைகளைக் கலந்தாலும் குன்றிமணி குன்றிமணியாகவே கிடக்கும். 1900இல் இது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. பின்னர் பிஷர், ஹோல்டேன், ரைட் ஆகிய மூவரும் மெண்டலையும் டார்வினையும் கணிதத்தால் இணைத்தனர். அவர்களுள் ஹோல்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

இரண்டாவது தடை காலம். பூமி உருகிய நிலையிலிருந்து ஆறிவருவதைக் கணக்கிட்டு, அதன் வயது சில பத்து மில்லியன் ஆண்டுகளாகவே இருக்கலாம் என்று கெல்வின் பிரபு அழுத்தினார். அது கூர்ப்புக்குப் போதாது. கதிர்த்தொழிற்பாடு தரும் வெப்பத்தை அவர் அறியாததே பிழைக்குக் காரணம் என்று பல நூல்கள் சொல்லும். அது பாதி உண்மை. பெரிய பிழை, பூமியின் உட்பகுதியில் பாறை மெல்ல மெல்ல ஓடி ஆழத்து வெப்பத்தை மேலே கொண்டுவருவதைக் கணக்கில் எடுக்காதது. அவரது பழைய உதவியாளர் ஜோன் பெரி 1895இலேயே இதைச் சுட்டினார். கதிர்த்தொழிற்பாடு வேறு வகையில் உதவிற்று: மூலகங்கள் மாறா வேகத்தில் சிதைவதால் அது மணிக்கூடாயிற்று. 1956இல் பற்றர்சன் என்ற புவியிரசாயனவியலாளர் ஈயச் சமதானிகளை (நிறையில் வேறுபட்ட ஈய அணுக்களை) அளந்து 4,550 மில்லியன் ஆண்டு என்ற வயதைத் தந்தார். அந்த எண் இன்றும் அசையவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது, ஏனெனில் நம்மவரிடையே இது அடிக்கடி வரும். இலெமூரியா. 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர், இலெமூர்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் சொந்தங்கள் இந்தியப் பக்கத்திலும் இருப்பதை விளக்க, இடையில் ஒரு கண்டம் மூழ்கியிருக்கவேண்டும் என்றார். நம் காட்டுத் தேவாங்கும் அந்தச் சொந்தங்களில் ஒன்றுதான். ஜேர்மனியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதையே மனிதனின் தொட்டிலாகவும் ஆக்கினார். பின்னர் அது தமிழ் எழுத்துக்குள் வந்து குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. விலங்கியலில் அந்தக் கண்டத்துக்கு இன்று வேலையில்லை: கண்டங்களே நகர்ந்தன, மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்து ஏறத்தாழ 88 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன, மிகப் பழைய மனித மூதாதைகளின் எலும்புகள் ஆபிரிக்காவில் கிடைக்கின்றன. நம் கரைக்கு முன்னால் நிலம் மூழ்கியது என்பதோ முழு உண்மை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவில் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்குநீரிணை தரையாக இருந்தது. விலங்குகளும் மனிதரும் நடந்தே வரலாம். அதற்கு இலெமூரியா தேவையில்லை.

இனி, சொந்தம் என்பதை எப்படி நிரூபிப்பது? எலும்பு ஒருபுறம் இருக்கட்டும். பிழைகளைப் பாருங்கள். இரண்டு மாணவரின் விடைத்தாளில் சரியான விடை ஒன்றாக இருப்பது ஒன்றையும் காட்டாது. ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்தால் மேற்பார்வையாளர் நிமிர்ந்து உட்காருவார். நாய் உயிர்ச்சத்து சியைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும். அதற்குத் தேசிக்காய் தேவையில்லை. அதைச் செய்யும் தாக்கத் தொடரின் கடைசி நொதியம் (என்சைம்) நமக்கு இல்லை. அதற்குரிய பரம்பரையலகு (ஜீன்) நம் உடலில் இல்லாமற்போகவில்லை, உடைந்த நிலையில் கிடக்கிறது. குரங்குகளிலும் சிம்பன்சியிலும் அதே பரம்பரையலகு உடைந்திருக்கிறது, பல உடைவுகள் அதே இடங்களில். கினிப்பன்றியிலும் அது உடைந்துள்ளது, ஆனால் வேறு விதமாக. ஏனெனில் அது தனியாக உடைந்தது.

இன்னொன்று நிறமூர்த்தம் (குரோமோசோம்). மனிதருக்கு 23 சோடி, சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 24. பொது மூதாதை உண்மையென்றால் ஒரு சோடி எங்கே போனது? இரண்டு ஒட்டியிருக்கவேண்டும். ஒட்டியிருந்தால் நிறமூர்த்தத்தின் நுனிகளில் மட்டும் இருக்கவேண்டிய தொடர் நடுவில் இருக்கவேண்டும். ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் ஒன்றே இருக்கும் மையப்பாத்து (சென்ரோமியர்) இங்கே செயலிழந்த இரண்டாவதாகவும் கிடக்கவேண்டும். மனிதரின் 2ஆம் நிறமூர்த்தத்தில் இரண்டும் இருக்கின்றன. இது பிழைத்துப்போக எல்லா வாய்ப்பும் இருந்த எதிர்கூறல் என்பதால்தான் கனமான சான்று.

ஆய்வுகூடமில்லாமல் பார்க்கக்கூடியதும் உண்டு. சுறாவின் வால் நெட்டாக நிற்கும். அது பக்கவாட்டில் வீசி நீந்தும். ஓங்கிலின் (டொல்பினின்) வால் கிடையாக இருக்கும். அது மேலும் கீழுமாக அடிக்கும். ஓடும் நாயின் முதுகெலும்பு எப்படி வளைகிறதென்று பாருங்கள்: மேலும் கீழும்தான். ஓங்கிலின் முன்னோர் நான்கு காலில் தரையில் ஓடியவை; கடலுக்குத் திரும்பியபோது அந்த முதுகையும் கொண்டுபோயின. இடுப்பெலும்பின் மிச்சமும் தசைக்குள் கிடக்கிறது. மன்னார்க் குடாவின் கடற்பசு தனியாகக் கடலுக்குப் போன வேறொரு கூட்டம். பெயரில்தான் பசு, இன்று உயிரோடிருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தங்களில் ஒன்று யானை.

உயிர்ச்சுவடு பார்க்க யாழ்ப்பாணத்தைவிட்டுப் போகத் தேவையில்லை. நாம் நிற்பதே உயிர்ச்சுவட்டின் மேல்தான். குடாநாட்டின் அடிப்பாறை மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மயோசீன் என்பது 23 முதல் 5.3 மில்லியன் ஆண்டு வரையான காலம். சிப்பி, முருகை, நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகள் ஆழமற்ற சூடான கடலில் படிந்து இறுகியது அது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வெட்டியதும் இந்தக் கல்லே. கிணறு வெட்டிக் குவித்த கல்லில் புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட முகத்தில் பாசியும் அரிப்பும் எல்லாவற்றையும் மறைத்திருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை போதும். பல இடங்களில் சிப்பி இராது, சிப்பியின் அச்சு மட்டும் இருக்கும். மழைநீர் ஓட்டைக் கரைத்துக் கொண்டுபோனபின் மிஞ்சிய குழி அது. கரையோரத்தில் கிடக்கும் முருகைக்கல்லோடு இதைக் குழப்பவேண்டாம். அது மிக அண்மைக் காலத்தது. வினாகிரி விட்டால் இரண்டுமே நுரைக்கும் என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. டைனோசர் எலும்பைத் தேடியும் பயனில்லை. அவை அழிந்து 66 மில்லியன் ஆண்டுகள் ஆனபடியால் இந்தப் பாறை அவற்றைக் காணவே இல்லை.

கண்ணால் கண்டதுண்டா என்ற கேள்விக்கு வருவோம். கலாபகசில் டப்னே மேஜர் என்ற சிறு தீவில் 1977 வரட்சியில் ஒரு குருவியினம் ஏறத்தாழ 1,200இலிருந்து 180 அளவுக்குக் குறைந்தது. சிறு விதைகள் தீர்ந்துபோக, பெரிய வன்விதையை உடைக்கும் தடித்த சொண்டுள்ளவை அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சொண்டும் தடித்தது. உலகம் முழுவதும் பாடநூல்களில் உள்ள எடுத்துக்காட்டு இது. நமக்கு இன்னும் அருகில் ஒன்றிருக்கிறது: நுளம்பு.

1963இல் இலங்கை முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இதை டி.டி.ரி. என்ற அந்த நுளம்பு மருந்துக்கு வந்த எதிர்ப்பின் தலையில் மட்டும் கட்டுவது தவறு; முதற்காரணம் தளர்ச்சிதான். ஆனால் மீண்டும் தெளிக்கத் தொடங்கியபோது டி.டி.ரி. பழைய வேலையைச் செய்யவில்லை, 1977இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. மருந்து எதிர்ப்பை 'உண்டாக்கவில்லை'. தாங்கக்கூடிய சில நுளம்புகள் முன்னமே இருந்தன; மற்றவற்றை மருந்து கொன்றுபோட, அவற்றின் பிள்ளைகள் இடத்தைப் பிடித்தன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது.

டெங்கு நுளம்பு இன்னும் சுவையானது. ஈடிஸ் நுளம்பு நன்னீரில் மட்டுமே பெருகும் என்பது நெடுநாளைய எண்ணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடாநாட்டின் கரையோரத்தில், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் குடம்பிகள் (நுளம்புப் புழுக்கள்) வளர்ந்து நுளம்பாவதைக் காட்டினார்கள். கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 35 கிராம். வளவுக்குள் இருக்கும் சிரட்டையையும் ரயரையும் மட்டும் கவிழ்த்துவிட்டுக் கரையோர உவர்க்கிணற்றையும் தண்ணீர் தேங்கிய பழைய வள்ளத்தையும் விட்டால் வேலை பாதிதான்.

இங்கே கவனமாக இருக்கவேண்டிய ஒன்று: உப்பைத் தாங்குவது பழக்கமா, பாரம்பரியமா? ஒரு குடம்பி தன் வாழ்நாளில் பழகிக்கொண்டால் அது கூர்ப்பல்ல. பிரித்தறிய, கரையோர நுளம்பையும் கரையிலிருந்து தள்ளி வாழும் நுளம்பையும் ஒரே நன்னீரில் சில தலைமுறை வளர்த்து, பிறகு இரண்டின் குடம்பிகளையும் படிப்படியாக உப்புக் கூட்டிய நீரில் விட்டு எத்தனை நுளம்பாகின்றன என்று எண்ணவேண்டும். வேறுபாடு அப்போதும் நின்றால் அது பரம்பரையலகில் இருக்கிறது. இரண்டு விடயங்கள் இந்தச் சோதனையைக் கெடுக்கும். தண்ணீர் ஆவியாக உப்புச் செறிவு கூடிவிடும். ஆகவே குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும், உப்புநீரை அல்ல. உணவை அதிகம் போட்டால் பற்றீரியா பெருகி நீர் கெட்டுக் குடம்பிகள் சாகும், பழி உப்பின் மேல் விழும். இதை வீட்டில் செய்யவேண்டாம்; வளர்ப்பது டெங்குக் காவி.

வீட்டில் செய்ய கௌபி போதும். சிவப்புக் கௌபி 50, வெள்ளைக் கௌபி 50. சுன்னாகம், கோண்டாவில் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு மீற்றர் சதுரம் கீறி, கலந்து தூவுங்கள். தூவும்போது பொறுக்கப்போகிறவர் பார்க்கக்கூடாது. அவர் வந்து, ஒரு நேரத்தில் ஒரு விதையாக, 75 விதை பொறுக்கட்டும். மிஞ்சிய 25இல் ஒவ்வொன்றும் மூன்று 'பிள்ளை' பெறுவதாக வைத்து அதே நிறத்தில் மூன்று விதை சேருங்கள்; மீண்டும் 100. மிஞ்சியது 16 சிவப்பும் 9 வெள்ளையுமானால் அடுத்த தலைமுறை 64க்கு 36. நாலைந்து தலைமுறை போதும்; வெள்ளை அருகிவிடும். எந்த ஒரு விதையும் நிறம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிழைப்பது பெரும்பாலும் இப்படி: கைநிறைய அள்ளினால் கண்ணுக்கு வேலையில்லை, தேர்வும் இல்லை. விதை பருமனில் வேறுபட்டால் நிறமா பருமனா காரணம் என்று சொல்லமுடியாது. அரித்து ஒரே அளவானவற்றை எடுங்கள். நூறுக்குப் பதில் பத்து விதையோடு செய்தால் சில வேளை வெள்ளையே வென்றுவிடும். அது சோதனையின் பிழையல்ல. சிறு குடித்தொகையில் தற்செயல் தேர்வை மிஞ்சும், தீவுகளில் உண்மையாகவே அப்படித்தான் நடக்கிறது. மிஞ்சியவற்றை எண்ண முதல் மண்ணை அரிதட்டில் சலியுங்கள், இல்லாவிட்டால் புதைந்த சிவப்புகள் கணக்கில் விடுபடும். பிறகு மீண்டும் சிவப்பு 50, வெள்ளை 50 எடுத்துக்கொண்டு மணற்காட்டு வெண்மணலுக்குப் போங்கள். அங்கே முதலில் தீர்வது சிவப்பு.